வித்தும் நிலமும்

(சரவணையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவிற் செய்த பேச்சு)



இம்மேடையில் ஆண்டுதோறும் சமயமும் தமிழும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்து நிற்கின்றோம். விழா நாளில் வருத்தக் கதை எதற்கென்று சிலர் நினைத்தலும் கூடும். நாம் வைத்தியர் அல்லேம். வகுப்பறையில் விஞ்ஞானம் படிப்பித்துக் காலங் கழித்தவர்கள். ஆயினும் இதனைப் பேசாதிருக்க முடியாதபடி ஒரு காரியம் நம் கண்முன் நடந்தது. அதனை முதலிற் சொல்லி, அதன் பின்னர் விஷயத்துக்கு வருகின்றோம்.

தீவகத்துக் குடும்பம் ஒன்று. பெயரும் இடமும் வேண்டாம். மூத்த மகன் சிறு பிள்ளையாயிருந்தபோதே மாமனோடு கனடாவுக்குப் போய் அங்கேயே வளர்ந்தவன். இளையவள் தாய் தகப்பனோடு இங்கே இருந்தாள். அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. சாதகம் பொருந்தியது, கொடுக்கல் வாங்கலும் பேசி முடிந்தது, நாள் வைப்பதே பாக்கி. அவ்வேளையில், கனடாவிலுள்ள தமையனுக்கு ‘எம். எஸ்.’ என்னும் வருத்தம் என்ற செய்தி பரவியது. ‘அந்தப் பகுதியில் நரம்பு வருத்தம் ஓடுகிறது’ என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முறிந்தது. அது மட்டுமன்று, தன்னால்தான் தங்கையின் கலியாணம் நின்றது என்று அறிந்த அந்தப் பிள்ளை, அன்றுதொட்டுத் தன் வருத்தத்தைப் பற்றிப் பெற்றவரோடு பேசுவதை விட்டுவிட்டான்.

ஆகவே நாம் இன்று ஆராயப்போகும் கேள்வி ஒன்றே. அந்த வருத்தம் பரம்பரையா? ‘ஆம்’ என்றாலும் பிழை. ‘இல்லை’ என்றாலும் பிழை. சரியான விடை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. அவ்விடையை அறியாமையினாலேயே ஒரு வீட்டின் காரியம் கெட்டது.

நோயின் இயல்பு

மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் புறப்படும் செய்திகள் நரம்பிழைகளின் வழியே ஓடுகின்றன. மின்சாரக் கம்பிக்கு றப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைக்கும் ஓர் உறை உண்டு. அதனை மயலின் கவசம் என்பர். நோய்க் கிருமிகள் உடம்பினுட் புகாமற் காக்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்கின்றோம். அக்காவல் சிலரிடத்து இலக்குத் தவறி, தன் உடம்பின் மயலின் கவசத்தையே பகையென்று எண்ணித் தாக்குகின்றது. இரவில் வந்த வீட்டுக்காரனைக் கள்வனென்று நினைத்து வீட்டு நாய் கடித்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குண்ட இடங்களிற் கவசம் உரிந்து தழும்பு விழுகின்றது, செய்தி தடைப்படுகின்றது. மூளையிலும் முண்ணாணிலும் இவ்வாறு பல இடங்களில் தழும்பு விழுந்து இறுகுவதனாலேயே ‘மல்ரிப்பிள் ஸ்கிளறோசிஸ்’ என்னும் பெயர் வந்தது. பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் பேராசிரியர் 1868ஆம் ஆண்டிலே இந்நோயின் இயல்பை முறையாக எடுத்து விளக்கினார்.

பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதிலே இது தொடங்குகின்றது. ஆண்களிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒரு கண் நோவோடு மங்குதல், கை கால் விறைத்தல், நடை தள்ளாடுதல், காரணமின்றி மிகக் களைத்தல் முதலியன இதன் குறிகள். இவை சில நாளோ சில வாரமோ இருந்து, பலருக்குத் தாமாகவே தணியும். பின்னொரு காலம் மீண்டும் வரும். இது தொற்று நோயன்று, பைத்தியமுமன்று. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்வதாக 2023இற் கணக்கிட்டனர். அவர்களுட் பலர் தொழில் செய்கின்றனர். மணம் முடித்துப் பிள்ளைகளை வளர்க்கின்றனர்.

வித்து

இனி, பரம்பரைக்கு இதில் உள்ள பங்கு யாது எனப் பார்ப்போம். இரண்டு சாட்சிகளை உங்கள் முன் நிறுத்துகின்றோம்.

முதலாவது சாட்சி பம்பாய்ப் பார்சிகள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது அவர்களின் முன்னோர் ஈரானிலிருந்து குசராத்துக் கரைக்கு வந்து. தமக்குள்ளேயே மணம் செய்து வாழ்ந்த சிறு சமூகம் அது. பம்பாயின் பேர்பெற்ற நரம்பியல் நிபுணர் நொஷீர் வாடியா அவர்களும் அவருடன் பணிசெய்தவரும் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பம்பாய்ப் பார்சிகளுள் இலட்சத்துக்கு 26 பேரளவில் இந்நோய் இருக்கக் கண்டனர். ஏனைய இந்தியரிடத்து அறியப்பட்ட தொகை அதனினும் மிகக் குறைவு. ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே காற்று. ஆயினும் அயல் வீட்டாரிலும் பார்சிகளுக்கு அதிகம். நிலம் ஒன்றாயிருக்க விளைவு வேறாயின், வித்திலே ஏதோ வேறுபாடு உண்டு என்பது துணிபு.

இரண்டாவது சாட்சி இரட்டைப் பிள்ளைகள். கனடாவில் ஜோர்ஜ் ஏபேர்ஸ், டெஸா சடோவ்னிக் முதலியோர் பல ஆண்டுகளாக இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 25. வெவ்வேறு கருவிற் பிறந்த இரட்டையராயின் நூற்றுக்கு ஏறத்தாழ 5 மாத்திரமே. அவர்கள் 1995இல் வேறொன்றும் கண்டனர். நோயாளர் வீட்டிலே தத்துப் பிள்ளையாய் வளர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஊரில் மற்றவர்க்குள்ள அளவே. ஒரே அடுப்பிற் சமைத்ததை உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குவதால் இந்நோய் குடும்பத்திற் பரவுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அவ்வித்து யாது? நம் உடம்பின் கலங்கள் ஒவ்வொன்றினுள்ளும் நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றிலே பரம்பரையலகுகள் வரிசையாய் அமைந்துள்ளன. ஆறாவது நிறமூர்த்தத்தில், ‘இது நம்முடையது, இது அந்நியம்’ என்று நிர்ப்பீடனம் பிரித்தறிய உதவும் அலகுகளின் கூட்டம் ஒன்று உண்டு. அதனை எச்.எல்.ஏ. என்பர். 1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் இந்நோய்க்கும் அக்கூட்டத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். அதன்கண் டீ.ஆர். 15 எனக் குறியிடப்பட்ட வகையைப் பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. ஆனால் அவ்வகையைப் பெற்றவருட் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இந்நோயின் நிழலையும் காணார்.

அதுவும் தனியே நிற்பதன்று. பல நாட்டு அறிஞர் ஒன்றுகூடி 47,429 நோயாளரையும் 68,374 நோயற்றவரையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய பரம்பரை வேறுபாடுகள் 233 எனக் காட்டிற்று. பெரும்பாலும் ஒவ்வொன்றும் தராசில் இடும் மணல்மணி போன்றது. தனியே நின்றால் தட்டு அசையாது. இவற்றுட் பலவும் நிர்ப்பீடனத்தின் கலங்களிலே தொழிற்படுவன. எனவே ‘நரம்பு கெட்ட பகுதி’ என்று ஒரு குடும்பத்தைச் சொல்வது விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது. பிறவியிலே பெற்ற வேறுபாடு பெரும்பாலும் காவலில் உள்ளது. நரம்பு அக்காவலால் அடிபடுகின்றது.

இவ்வித்துக்கள் வெள்ளையருக்கே உரியன என்றும் எண்ணவேண்டா. மங்களூரைச் சேர்ந்த லேகா பண்டிட் அவர்களும் கேம்பிரிட்ஜ் அறிஞரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியரிடத்துக் கண்ட வேறுபாடுகளுட் பல இந்திய நோயாளரிடத்தும் அதே பக்கம் சாய்வதைக் கண்டனர். மேலும் 2024இற் பழங்கால எலும்புகளை ஆராய்ந்தோர், ஐரோப்பாவில் இவ்வித்துக்கள் பல ஏறத்தாழ 5000 ஆண்டுக்கு முன் புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்த மக்களோடு வந்தன என்றனர். மந்தையோடு வாழ்ந்த அம்மக்களைக் கிருமிகளிலிருந்து காத்தமையால் அவை பெருகியிருத்தல் வேண்டும் என்பது அவர்களின் கருத்து. அக்கருத்துப்படி, இன்று இடர் தருவது ஒரு காலம் உயிர் காத்ததாகும்.

நிலம்

பனம்விதை இரண்டு ஒரே மரத்திலிருந்து விழுகின்றன. ஒன்றைப் பாத்தியில் இட்டால் கிழங்கு விடுகின்றது. மற்றது தரவையிற் கிடந்து காய்ந்து போகின்றது. விதை ஒன்றே, நிலம் வேறு. இந்நோயின் கதையும் இத்தன்மைத்தே.

மங்களூரில் 2014இற் கணக்கிட்டபோது இலட்சத்துக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் இருந்தது. கனடாவிலோ இலட்சத்துக்கு 250 பேருக்கு மேல். அங்கே போய்க் குடியேறிய நம்மவருக்கு என்ன நேர்கின்றது? பிரித்தானியாவில் ஜெப்ரி டீன் அவர்களும் அவருடன் பணிசெய்தவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வளர்ந்தபின் போய்க் குடியேறியோருக்கு இந்நோய் அரிதாகவே இருந்தது. அவர்களுக்கு அந்நாட்டிற் பிறந்த பிள்ளைகளுக்கோ, அந்நாட்டவரின் பிள்ளைகளுக்கு வரும் அளவை ஒட்டி வந்தது. ஒரே இரத்தம், ஒரு தலைமுறை கழிந்தது, அவ்வளவே. தமிழர் பலர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலும், வாழ்நாளிற் பெரும்பங்கைக் கனடாவிற் கழித்த குடியேறிகளுக்கு வாய்ப்பு அதிகம் எனக் கண்டுள்ளனர்.

1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு நம் தீவகத்தவர் எத்தனை தேசங்களுக்குச் சிதறினர் என்பது இங்குள்ளோர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இன்று சரவணைப் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்கின்றனர். ஆதலின் இந்நோய் நமக்கு அயலார் கதையன்று.

தீவாராகிய நமக்கு இன்னுமொரு தீவின் செய்தி சுவையாயிருக்கும். ஸ்கொத்லாந்தின் வடக்கே ஓர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உண்டு. 2012இல் வெளிவந்த கணக்கின்படி அங்கே இலட்சத்துக்கு 402 பேரளவில் இந்நோய் இருந்தது. உலகில் அறியப்பட்ட மிக உயர்ந்த தொகைகளுள் அது ஒன்று. தீவிலே உறவுக்குள் மணம் செய்ததால் வந்ததென்று எவரும் எளிதிற் சொல்லிவிடுவர். ஆனால் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது, அறியப்பட்ட பொதுவான வித்துக்கள் அந்த அதிகத்தின் சிறு பங்கையே விளக்கின.

அப்படியாயின் நிலத்தில் உள்ளது யாது? முதலாவது, எப்ஸ்ரீன்–பார் என்னும் வைரசு. அமெரிக்காவில் அசேரியோ என்பவரின் குழுவினர், படையிற் சேவை செய்த ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் இருபதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். இவ்வைரசு தொற்றியபின் எம். எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காகக் கண்டனர். ஆனால் உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 95 பேரளவில் இவ்வைரசைப் பெற்றவர்களே. நம்மூரில் அது பெரும்பாலும் பாலப்பருவத்திலேயே அறிகுறியின்றி வந்து போகின்றது. மேல்நாடுகளிற் பலருக்கு வாலிபப் பருவத்திலே காய்ச்சலும் கழுத்து வீக்கமுமாய் வருகின்றது. அவ்வாறு காலந்தாழ்ந்து வருவோருக்கே இடர் அதிகம். வைரசின் ஒரு பகுதி நரம்பருகே உள்ள புரதம் ஒன்றைப் போலிருப்பதால், ஒன்றைத் தாக்கப் புறப்பட்ட காவல் மற்றதையும் தாக்குவது சில நோயாளரிடத்துக் காணப்பட்டுள்ளது. நாய் ஆளை மாறிக் கடித்த கதை இதுவே.

இரண்டாவது வெயில். வெயில் குறைந்த வடதேசங்களில் இந்நோய் அதிகம். வெயிலால் உடம்பிலுண்டாகும் விற்றமின் டீ குறைதலும் ஒரு காரணமென ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்றாவது புகைத்தல். புகைப்போருக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, டீ.ஆர். 15 வகையும் உள்ளவர் புகைத்தால் இரண்டும் சேர்ந்து இடரைப் பன்மடங்காக்கும். வாலிபப் பருவத்தில் உடம்பு மிகப் பருத்தலும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. வித்தை நாம் மாற்ற முடியாது. நிலத்தில் சிலவற்றை மாற்றலாம்.

நூற்றுக்கு எத்தனை?

இப்பொழுது அந்தப் பெண்ணின் கலியாணப் பேச்சுக்குத் திரும்புவோம். தமையனுக்கு நோய் உண்டு, தங்கைக்கு வருமா? நோய் மிகுந்த மேல்நாடுகளிற் கண்ட கணக்கைச் சொல்கின்றோம். நோயாளரின் உடன்பிறந்தவர் 100 பேரை எடுத்தால், வாழ்நாளில் ஏறத்தாழ 3 பேருக்கு இந்நோய் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வரலாம். 97 பேருக்கும் 98 பேருக்கும் வராது. மேல்நாட்டு நிலத்திலேயே கணக்கு இவ்வளவு. அத்தங்கையோ சரவணை வெயிலில் வளர்ந்தவள்.

வித்து முழுவதும் ஒன்றாயுள்ள இரட்டையரிலேயே நாலில் மூன்று பங்கினருக்கு மற்றவரின் நோய் வரவில்லை என்பதை மறவாதீர்கள். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பது நோயையன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மையில் ஒரு பங்கை மாத்திரமே.

இதனை வேறொரு நோயோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். தலசீமியா என்னும் இரத்த நோய் இலங்கையில் உண்டு. குருநாகல் வைத்தியசாலையில் அதற்கெனப் பெரியதொரு நிலையம் இயங்குகின்றது. அது ஒரே பரம்பரையலகின் குறையால் வருவது. தாயும் தகப்பனும் அக்குறையைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. அங்கே மணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வது அறிவுடைமை. எம். எஸ். விஷயத்திலோ இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று முன்னரே சொல்லவல்ல இரத்தப் பரிசோதனை இல்லை. இரண்டையும் ‘பரம்பரை வருத்தம்’ என்ற ஒரே சாக்கிற் போட்டுக் கட்டுவதே நம்மவர் செய்யும் தவறு.

நாம் செய்யத்தக்கவை

பெரியோர்களே, கலியாணப் பேச்சில் ஒரு வீட்டின் வருத்தத்தை விசாரிப்பதை நாம் குறை கூறவில்லை. பிள்ளையின் நன்மை கருதியே விசாரிக்கின்றீர்கள். விசாரித்தபின் ஊர்ச் சொல்லை நம்பாது, அறிந்த வைத்தியர் ஒருவரிடம் கணக்கைக் கேளுங்கள் என்பதே எமது விண்ணப்பம். ‘முன்வினை’ என்று சொல்லி ஒதுங்குவோரும் உளர். வினையை நம்புவோருக்கும் நோயுற்றவனைத் தள்ளிவைக்கும் உரிமையை நம் சமயம் கொடுக்கவில்லை.

தாய்மார்களே, ஒரு கண் மங்குதல், காலில் விறைப்பு, தள்ளாட்டம் முதலியன ஒரு நாளுக்கு மேல் நின்றால் வாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்கவேண்டா. குறிகள் தாமாகத் தணியும் இயல்பினாலேயே, எண்ணெயாலும் நூல் கட்டியதாலும் மாறியது என்று பலர் ஏமாறுகின்றனர். பண்ணைப் பாலம் கடந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. நரம்பியல் நிபுணரிடம் காட்டும்படி கேளுங்கள். இதனைப் போலவே தோன்றும் வேறு நோய்களும் நம் நாட்டில் உண்டு. அவற்றுக்கு மருந்து வேறு. ஆதலின் நாமே பெயர் வைத்துக்கொள்ளுதல் ஆகாது. இந்நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் இல்லை. எனினும் 1993 தொட்டு, மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்துள்ளன. காலத்தோடு தொடங்கினோர் நெடுங்காலம் நன்கு நடமாடுகின்றனர்.

வாலிப அன்பர்களே, நம் தீவகத்திற் புகையிலைத் தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த தகப்பன்மார் உண்டு. அவர்கள் வியர்வைக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும், புகைக்குக் கொடுக்கவேண்டா. வெளிநாட்டிலுள்ள உங்கள் உடன்பிறந்தாரோடு பேசும்போது இதனையும் சொல்லுங்கள். அவர்களுள் ஒருவர் தமக்கு இவ்வருத்தம் என்று சொன்னால், ஊருக்குத் தெரியக்கூடாது என்று வாயை அடைக்காதீர்கள்; என்ன மருந்து, எப்பொழுது அடுத்த பரிசோதனை என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்நோயுள்ளவர் உடம்பு சூடேறினால் பழைய குறிகள் சிறிது நேரம் மீண்டும் தலைகாட்டும். கால் சோரும், கண் மங்கும். உடம்பு குளிர்ந்ததும் மாறிவிடும். நோய் முற்றியதென்று பயப்படவும் வேண்டா. சோம்பல் என்று ஏசவும் வேண்டா. நாம் முதலிற் சொன்ன அந்தப் பிள்ளை என்றாவது ஒரு திருவிழாவுக்கு ஊருக்கு வருவான். வீதியில் வெயில் எரிக்கும். அன்றைக்கு அவனை எவரும் வருத்தக்காரன் என்று சுட்டாமல், நிழலில் ஒரு கதிரையும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து, பக்கத்திலிருந்து பேசுவோமாயின், இன்று இப்பேச்சைக் கேட்டதனாலாய பயன் அதுவேயாகும்.